தோட்டா வாங்கி வைத்தல் ஒரு முதலீடாகுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முன்னுரை

பொருள் ஈட்டுதல் மனித வாழ்வின் இன்றியமையாக் கடமைகளுள் ஒன்று. வள்ளுவப் பெருந்தகையும் பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் ஈட்டிய பொருளை எந்த வடிவில் சேர்த்து வைப்பது என்பது ஈட்டுவதைக் காட்டிலும் கடினமான வினாவாகும். நம் வேடசந்தூர் வட்டாரத்தில் சேமிப்பு என்பது சிலருக்குத் தங்கம், சிலருக்கு ஆடு மாடு, சிலருக்கு ஏலச்சீட்டு, இன்னும் சிலருக்கு வீட்டு மூலையில் அடுக்கிய புகையிலைச் சிப்பம்.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் நைட்ரேட்டுகளைப் பற்றிய பாடம் நடந்தது. அப்போது நண்பர் ஒருவர் எழுந்து, "அமெரிக்காவில் தங்கம் வாங்குவதைப் போலத் துப்பாக்கித் தோட்டாவை வாங்கி அடுக்கி வைக்கிறார்களாம், விலை ஏறியதும் விற்கிறார்களாம், அது உண்மையா ஐயா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "சிரிப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வேதியியலும் வாணிபமும் சட்டமும் சேர்ந்த கேள்வி இது. யாராவது ஆராய்ந்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்றார். அப்பணியை நான் ஏற்றுக்கொண்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

அமெரிக்காவில் நடந்தது

முதலில் நண்பர் கேட்டது உண்மைதானா என்று பார்ப்போம். உண்மைதான். அமெரிக்க நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் தோட்டாவை மளிகைச் சாமான் போலக் கடையில் வாங்கலாம். எத்தனை பெட்டி வைத்திருக்கலாம் என்ற வரம்பு பொதுவாக இல்லை. எனவே அங்கே அது ஒரு சரக்கு. சரக்கு என்றால் அதற்கு விலை ஏற்றமும் இறக்கமும் உண்டு.

2012-ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு ஒரு பள்ளியில் நடந்த கொடிய துப்பாக்கிச் சூட்டிற்குப் பின், அரசு கட்டுப்பாடு கொண்டுவரும் என்ற எண்ணம் பரவியது. உடனே மக்கள் கடைகளை மொய்த்தனர். சாதாரணப் பயிற்சிக்குப் பயன்படும் மிகச் சிறிய தோட்டாகூடப் பல மாதங்கள் கடைகளில் கிடைக்கவில்லை. பின்னர் அச்சம் தணிந்தது, சரக்கு தேங்கியது, விலை இறங்கியது.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அவ்வாண்டு துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் அரசு அமைப்பு ஏறக்குறைய 3 கோடியே 97 லட்சம் விசாரணைகளைச் செய்தது. அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் என்னும் பழைய பெரிய நிறுவனம் கடனில் மூழ்கித் திவாலானது. வாங்குவோர் பெருகிய காலத்தில் செய்வோர் ஒருவர் குறைந்தார். 2019-இல் சுமார் 20 சென்ட்டுக்கு விற்ற 9 மில்லிமீட்டர் தோட்டா, 2021-இன் தொடக்கத்தில் 70, 80 சென்ட் வரை போயிற்று. 2023-இல் மீண்டும் சுமார் 25 சென்ட்டுக்கு வந்துவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், 2019-இல் 20 சென்ட்டுக்கு வாங்கி 2021-இல் 75 சென்ட்டுக்கு விற்றவருக்குக் கொள்ளை லாபம். ஆனால் 2021-இல் 75 சென்ட் கொடுத்து, இன்னும் ஏறும் என்று நம்பி வாங்கி வைத்தவர் 2023-இல் மூன்றில் இரண்டு பங்கை இழந்தார். பொருள் ஒன்றுதான், வாங்கிய நாள் மட்டுமே வேறு. லாபம் பெற்றவர் பேச்சு நம் காதுக்கு எட்டுகிறது. இழந்தவர் வாய் திறப்பதில்லை.

வெடியுப்பு: கம்பெனியின் முதலீடு

வெடிமருந்தை வாங்கி லாபம் பார்ப்பது அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமை அன்று. நம் மண்ணில் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அது பெரிய அளவில் நடந்தது. பழைய கருமருந்து நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரித்தூள், 10 பங்கு கந்தகம் கொண்டது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். ஐரோப்பாவில் அது அரிது. பீகாரின் மண்ணில் அது வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மாட்டுக் கொட்டில், குடியிருப்பு இவற்றின் பழைய மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி எடுத்தனர் ஏழைத் தொழிலாளர்.

கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பொருள் வாங்கி லண்டனுக்கு அனுப்புவதற்குத் தன் கணக்குகளில் வைத்த பெயரே 'முதலீடு' என்பதுதான். துணி, பட்டு, மிளகு இவற்றோடு வெடியுப்பும் அம்முதலீட்டில் அடங்கும். கனமான சரக்கு ஆகையால் கப்பலின் அடித்தட்டில் அதை அடுக்கினால் கப்பல் நிலையாக நிற்கும். போகும் ஊரில் விலையும் கிடைக்கும். 1757-இல் பிளாசிப் போர் முடிந்தது. 1758-இல் பீகார் வெடியுப்பு வாணிகம் முழுவதும் கம்பெனியின் ஏகபோகம் ஆயிற்று. போர் மூண்டால் விலை ஏறும். சமாதானம் வந்தால் இறங்கும். போட்டியாளரை விலக்கும் ஆட்சி அதிகாரம் கையில் இருந்ததால் கம்பெனிக்கு அது நல்ல முதலீடாக இருந்தது. அதிகாரம் இல்லாத சிறு வாணிகனுக்கு அப்படி இருந்திருக்க முடியாது.

இந்தக் கதையின் பிற்பகுதி வேதியியல் மாணவர்களாகிய நமக்கு மிகவும் வேண்டியது. 19-ஆம் நூற்றாண்டில் தென் அமெரிக்கப் பாலைவனத்தில் கிடைத்த சோடியம் நைட்ரேட் சந்தைக்கு வந்தது. அந்த நைட்ரேட் நிலங்களுக்காகச் சிலி நாடு 1879-இல் பெருவோடும் பொலிவியாவோடும் போரே தொடுத்தது. வென்றது, செல்வத்தில் மிதந்தது. ஆனால் ஹேபர் கண்டறிந்து பாஷ் ஆலையளவில் பெருக்கிய முறையினால், 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தே அம்மோனியா செய்யத் தொடங்கினர். அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம், அதிலிருந்து நைட்ரேட். காற்று எல்லா நாட்டுக்கும் பொது அல்லவா? முதல் உலகப் போருக்குப் பின் சிலியின் நைட்ரேட் தொழில் சரிந்தது. ஹம்பர்ஸ்டன் என்ற அதன் ஆலை நகர் இன்று ஆளின்றி நிற்கிறது. 2005-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு சோதனைச்சாலையில் நடந்த வினை, ஒரு நாட்டின் சேமிப்பையே மதிப்பிழக்கச் செய்ததென்றால் தனி மனிதன் எம்மாத்திரம்!

தோட்டாவின் வேதியியல்

இனிப் பொருளின் தன்மையைப் பார்ப்போம். சேமிக்கும் பொருள் கெடாமல் இருக்க வேண்டும். தங்கம் கெடுவதில்லை. தோட்டா கெடுமா?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உள்ளன. பித்தளை உறை, முன்னால் ஈயக் குண்டு, உள்ளே மருந்து, அடியில் அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி. இன்றைய மருந்து பழைய கருமருந்து அன்று, நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து பெறப்படுவது. 1884-இல் பிரெஞ்சு நாட்டு வியேல் என்பவர் புகையில்லா மருந்தாக இதனை ஆக்கினார். நம் மாநிலத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் தொழிற்சாலை இவ்வகை மருந்து செய்வதற்கென்றே ஏற்பட்டது.

நைட்ரோ செல்லுலோஸ் சும்மா இருக்கும்போதும் மிக மெதுவாகச் சிதைகிறது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிப்படுகின்றன. அந்த ஆக்சைடுகள் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றன. தன்னைத் தானே தூண்டும் வினை இது. இதனைத் தடுக்க டைபினைல் அமீன் போன்ற நிலைநிறுத்திகளைச் சிறிதளவு சேர்க்கின்றனர். அவை வெளிவரும் ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்கின்றன. நிலைநிறுத்தி தீரும் வரை தோட்டாவுக்குப் பயமில்லை. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பல பத்தாண்டுகள் நன்றாகவே இருக்கும். ஆனால் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்ற பொதுவிதியை நாம் அறிவோம். 20 பாகையில் இருக்கும் கிடங்கையும், சித்திரை வெயிலில் 40 பாகைக்குக் காயும் நம் ஊர்த் தகரக் கூரையையும் ஒப்பிட்டால் வேகம் நான்கு மடங்கு.

உறையின் கதை இன்னும் சுவையானது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தனர். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகள் வெடித்திருந்தன. பருவ காலத்தில் நிகழ்ந்ததால் 'பருவ வெடிப்பு' என்றே பெயரிட்டனர். காரணம் 1921-ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடு சேர்ந்து, பித்தளையிலுள்ள செம்பைத் தாக்குகிறது. உறையை அச்சில் அழுத்தி இழுத்துச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் அந்த இடத்தில் பிளவாகிறது. உறையை மிதமாகச் சூடுபடுத்தி இறுக்கத்தைத் தளர்த்துவதே இதற்கு மருந்து என்று கண்டனர். ஒரு தோட்டாவைச் சேமிப்பதற்கே இவ்வளவு அறிவு தேவைப்பட்டது. மாட்டுக் கொட்டத்தை ஒட்டியே வீடு இருக்கும் நம் ஊர்களுக்கு இந்த அம்மோனியா புதிய விருந்தாளி அன்று!

நம் நாட்டுச் சட்டம்

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தடை சட்டமாகும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மீறினால் சிறைத் தண்டனை. பொதுவாக உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இக்கட்டுரையாளனுக்கு வயது 20. ஆகவே இந்த முதலீட்டின் வாசலிலேயே என்னை நிறுத்திவிடுவார்கள்.

உரிமம் உள்ளவர்க்கும் தாராளம் இல்லை. ஓராண்டில் எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை கையில் இருக்கலாம் என்று உரிமப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வாங்கும் ஒவ்வொன்றும் கடைக்காரரால் பதியப்படும். தன் சொந்தப் பயன்பாட்டிற்கு வைத்திருப்பதை, உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்க வேண்டுமானாலும் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாட்களாவது கழிந்த பின்னரே விற்க முடியும். விலை ஏறிய அன்றே விற்பது என்பது நடவாத காரியம். லாபத்திற்காக வாங்கி விற்பது வாணிபம் ஆகும்; அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

சட்டம் நாளை மாறவும் கூடும். ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. மிகையாக உள்ளதை ஒப்படைக்கக் காலக்கெடுவும் விதித்தது. எனவே பாடுபட்டுச் சேர்த்த பொருளை ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் நிலை இதில் உண்டு.

ஒரு சிறு கணக்கு

சட்டம் இடம் கொடுக்கிறது, பொருளும் கெடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது லாபமா? 100 ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கி 5 ஆண்டு வைத்திருப்பதாகக் கொள்வோம். அதே 100 ரூபாயை ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டிருந்தால் 5 ஆண்டில் 140 ரூபாய் 26 காசு ஆகியிருக்கும். ஆகவே 140 ரூபாய்க்கு விற்றாலும் நமக்கு லாபமில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறோம்.

அத்துடன் முடியவில்லை. நாம் கடைக்காரர் அல்லர். நாம் விற்கும்போது நம்மிடம் வாங்குபவர் தம் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். கடை விலையில் 80 விழுக்காடு நமக்குக் கிடைப்பதாகக் கொண்டால், கடை விலை 175 ரூபாய்க்கு ஏறினால்தான் நம் கைக்கு 140 வரும். அதாவது ஆண்டுதோறும் ஏறக்குறைய 12 விழுக்காடு வீதம் 5 ஆண்டும் தொடர்ந்து விலை ஏற வேண்டும். அதுவும் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் தப்புவதற்கு மட்டுமே! இந்தக் கணக்கு தோட்டாவுக்கு மட்டும் உரியது அன்று. வாங்கி அடுக்கி வைக்கும் எந்தச் சரக்குக்கும் இது பொருந்தும்.

எங்கள் வீட்டுப் புகையிலை

இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல நண்பர்கள் அனுமதிக்க வேண்டும். வேடசந்தூர் புகையிலைக்குப் பெயர் பெற்ற ஊர். 1948-இலேயே மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இங்கு அமைந்தது. எங்கள் குடும்பமும் மெல்லும் புகையிலை பயிரிடும் குடும்பமே.

சென்ற ஆண்டு சித்திரையில் இலையைப் பாடம் செய்து 40 சிப்பம் கட்டினோம். வியாபாரி சிப்பம் ஒன்றுக்கு 3,000 ரூபாய் கேட்டார். "தை மாசம் வரட்டும், 500 கூடக் கிடைக்கும்" என்று அப்பா கொடுக்க மறுத்தார். ஆனால் கூலியும் உரக்கடைப் பாக்கியும் காத்திருக்குமா? அம்மாவின் சங்கிலியை 12 விழுக்காடு வட்டிக்கு அடகு வைத்து 60,000 ரூபாய் வாங்கினார். அவ்வாண்டுதான் நான் கல்லூரியில் சேர்ந்தேன்.

ஒன்பது மாதம் சென்றது. நான்கு சிப்பத்தில் வண்டு விழுந்து இலை துளைபட்டுத் தூளாயிற்று. மீதி 36 சிப்பமும் 2,800 ரூபாய் வீதம் போயிற்று. அதாவது 1,20,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 1,00,800 ரூபாய். அடகு வட்டி 5,400 ரூபாய். ஆக மொத்தம் 24,600 ரூபாய் இழப்பு. இத்தனையிலும் அப்பா அதை நட்டம் என்று சொல்லவில்லை. "இந்த வருசம் நேரம் சரியில்லை" என்றார். சங்கிலி இன்னும் அடகிலேயே இருக்கிறது.

இக்கட்டுரைக்காக நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இரவு, "என்ன தம்பி எழுதுற?" என்று அப்பா கேட்டார். விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதுல வண்டு விழுகாதாப்பா?" என்றார். வண்டு விழாது என்றும், அதற்குப் பதில் நைட்ரஜன் ஆக்சைடு உண்டு என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எல்லாச் சரக்குக்கும் ஒரு வண்டு இருக்கு" என்றார். பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காத அவர், நான் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சட்டம் என்னும் வண்டு புகையிலைக்கும் உண்டு. 2013-ஆம் ஆண்டு தமிழக அரசு குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தடை விதித்தது. மக்கள் உடல்நலம் கருதிச் செய்த அத்தடை நியாயமானதே. ஆயினும் கிடங்கில் சரக்கு வைத்திருப்பவன் தன் சந்தை ஓர் ஆணையில் சுருங்கலாம் என்பதை எண்ணித்தான் ஆக வேண்டும்.

அச்சத்தில் விளையும் லாபம்

கணக்கைக் கடந்து இன்னொன்றும் உண்டு. நெல்லைச் சேர்த்து வைத்தவன் விலை ஏறினால் மகிழ்கிறான். ஆனால் விலை ஏறுவது பிறர் பசியால். அதனால்தான் 1955-இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இயற்றிப் பதுக்கலைக் கட்டுப்படுத்தினர். தோட்டாவின் விலை ஏறுவதும் இவ்வாறே. நோயும் கலவரமும் கொலையும் செய்தியாகும் நாளில்தான் அது ஏறியது. ஆகவே தோட்டாவைச் சேர்த்து வைத்தவன், தான் அறியாமலே, கெட்ட செய்திக்காகக் காத்திருப்பவன் ஆகிறான். ஊர் அமைதியாக இருந்தால் அவனுக்கு நட்டம். அயலார் அஞ்சினால் அவனுக்கு லாபம். ஊருக்கு நல்லது வரும்போது தனக்கும் நல்லது வரும்படி இருப்பதே சேமிப்புக்கு அழகு என்பது என் தாழ்மையான கருத்து.

திண்டுக்கல் மலைக்கோட்டையில் வெடிமருந்து சேமித்த அறைகளை நம்மில் பலர் கண்டிருப்போம். நாயக்கரும், ஹைதர் அலியும், கம்பெனியாரும் அங்கே மருந்தைச் சேர்த்தது காவலுக்காக. அது செலவுக் கணக்கில் சேருமே அன்றி வரவுக் கணக்கில் சேராது. காவலுக்கு வைப்பது வேறு. லாபத்துக்கு வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே இவ்விடயத்தில் எழும் குழப்பத்திற்கு வேர் எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்தால் எந்தப் பொருளையும் முதலீடாக வாங்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும். இது கெடாமல் இருக்குமா? நான் வேண்டும்போது விற்கச் சட்டமும் சந்தையும் இடம் தருமா? வட்டியும் தரகும் கழிந்த பின் மீதம் இருக்குமா? தங்கம் முதல் இரண்டுக்கும் ஆம் என்கிறது. மூன்றாவதற்குச் சில ஆண்டு ஆம், சில ஆண்டு இல்லை. தோட்டா அமெரிக்காவில் முதல் கேள்விக்கு ஓரளவு தேறுகிறது. மூன்றாவதில் அச்சம் மூண்ட நாட்களில் மட்டும் தேறுகிறது. நம் நாட்டில் இரண்டாம் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. ஆகவே தோட்டா நமக்கு முதலீடு ஆகாது.

இவ்வாண்டுப் புகையிலை இப்போது பந்தலில் காய்ந்துகொண்டிருக்கிறது. மூன்று கேள்விகளையும் அப்பாவிடம் கேட்டேன். பாதியைக் கட்டியவுடன் விற்றுச் சங்கிலியை மீட்டுவிடுவது, மீதிப் பாதியைத் தை வரை பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. முழுவதையும் விற்றுவிடலாம் என்பது என் கணக்கு. பாதியாவது இருக்கட்டும் என்பது அவர் அனுபவம். எது சரி என்பதைத் தை மாதம் சொல்லும்.